ட்ரக் என்றொரு பழைய சொல்லும் நமது சம்பளத் துண்டும்

ட்ரக் என்ற இங்கிலீஷ் சொல்லைக் கேட்டால் நமக்கு ஞாபகம் வருவது லொறிதான். ஆனால் அதே எழுத்துகளோடு, அதே உச்சரிப்போடு இன்னொரு ட்ரக் இங்கிலீஷில் இருந்தது. லொறியைக் குறிக்கும் சொல்லுக்கும் அதற்கும் பிறப்பு வேறு. இந்த இரண்டாவது ட்ரக், மாற்றிக்கொள்வது, பண்டமாற்றுச் செய்வது என்று பொருள்படும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. இன்று அதை அகராதியில் தேடித்தான் பார்க்க வேண்டும். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கத்திலோ இரும்பாலையிலோ வேலை செய்த எவரைக் கேட்டிருந்தாலும் உடனே சொல்லியிருப்பார்: முதலாளி சம்பளத்தைக் காசாகத் தராமல் பொருளாகத் தருவதுதான் ட்ரக்.

தோட்டத் தொழிலாளியின் பத்திரிகையில் இங்கிலீஷ் பாடம் எதற்கு என்று சில தோழர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. இந்தச் சொல் வழக்கிலிருந்து போய்விட்டது. அது குறித்த காரியமோ நமது தோட்டங்களில் வேறு வேறு பெயர்களில் நடந்தது, இன்றும் நடக்கிறது. ஒரு அநியாயத்துக்குப் பெயர் இருந்தால்தான் அதை விரல் நீட்டிக் காட்ட முடியும். பெயர் இல்லாவிட்டால் அது "கழிவு" என்றும் "வழமை" என்றும் சம்பளத் துண்டில் ஓர் ஓரமாக ஒளிந்துகொள்ளும்.

சொல் எங்கே மிஞ்சியிருக்கிறது

இன்றைய இங்கிலீஷில் இந்தப் பழைய ட்ரக் இரண்டு இடங்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒருவரோடு "ட்ரக் கிடையாது" என்று இங்கிலீஷ்காரர் சொன்னால், அவரோடு எந்தக் கொடுக்கல் வாங்கலும் வைத்துக்கொள்ள மாட்டேன் என்று பொருள். நாம் "அந்த ஆளோடு எந்தச் சங்காத்தமும் வேண்டாம்" என்கிறோமே, அதேதான். அமெரிக்காவில் சந்தைக்காக மரக்கறி பயிரிடும் தோட்டத்தை ட்ரக் தோட்டம் என்பார்கள். மரக்கறியை லொறியில் ஏற்றுவதால் வந்த பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, விற்பது, மாற்றுவது என்ற பழைய பொருளிலிருந்து வந்த பெயர் அது. லொறி வருவதற்கு முன்பே அந்தப் பெயர் இருந்தது.

ஆனால் தொழிலாளர் வாயில் இந்தச் சொல்லுக்கு இருந்த பொருள் இவ்வளவு சாதுவானதல்ல.

காசுக்குப் பதில் குண்டூசி

பதினைந்தாம் நூற்றாண்டில், நான்காம் எட்வர்ட் மன்னர் ஆண்ட காலத்திலேயே, இங்கிலாந்தின் துணித் தொழிலாளருக்குக் கூலியைச் செல்லுபடியாகும் நல்ல காசில்தான் கொடுக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். கூலியின் பெரும்பங்கைக் குண்டூசியாகவும் இடுப்புக் கச்சையாகவும் வேறு உதவாத சாமான்களாகவும் தொழிலாளர் தலையில் கட்டினார்கள் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. நாள் முழுக்கக் கம்பளி நெய்தவர் வீட்டுக்குக் கொண்டுபோனது குண்டூசி. குண்டூசியைச் சமைத்துப் பிள்ளைக்குக் கொடுக்க முடியுமா?

பிறகு ஆலைகளும் சுரங்கங்களும் வந்த காலத்தில் இந்த வழக்கம் பெரிய ஏற்பாடாக வளர்ந்தது. முதலாளி தனது சுரங்கத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கடை போடுவார். சம்பளத்துக்குப் பதிலாக அந்தக் கடையில் மட்டும் செல்லும் சீட்டோ பித்தளை வில்லையோ தருவார். வெளிக்கடையில் அதற்கு மதிப்பில்லை. தொழிலாளர் அந்தக் கடைக்கு வைத்த பெயர் "டொமி ஷொப்". டொமி என்றால் அவர்கள் பேச்சில் ரொட்டி, சாப்பாடு. அங்கே மாவின் விலை வெளியே உள்ளதைவிடக் கூட, தரமோ குறைவு. வேறு கடைக்குப் போகக் கையில் காசு இல்லை. 1845 இல் டிஸ்ரேலி எழுதிய "சிபில்" என்ற நாவலில் இப்படி ஒரு கடையும், அதன் வாசலில் பெண்கள் நெரிபட்டுக் காத்து நிற்பதும் வருகின்றன. அந்த டிஸ்ரேலி பிறகு இங்கிலாந்தின் பிரதமரானவர். தொழிலாளர் கட்சிக்காரர் அல்ல, பழமைவாதக் கட்சிக்காரர். அவர் கண்ணுக்கே பட்ட அநியாயம் அது.

இதில் இன்னொரு தந்திரமும் சேர்ந்திருந்தது. அதன் பெயர் "நீண்ட சம்பளம்". பெயர் நன்றாக இருக்கிறது, காரியம் நன்றாக இல்லை. சம்பள நாளை வேண்டுமென்றே தள்ளித் தள்ளிப் போடுவார்கள். இடையில் அடுப்பு எரிய வேண்டுமே! தொழிலாளி முதலாளியின் கடையில்தான் கடனுக்கு வாங்குவார். கடைசியில் சம்பள நாள் வரும்போது கணக்குப் புத்தகம் பேசும். கைக்கு வருவது கொஞ்சம், அல்லது ஒன்றுமில்லை.

தேயிலையைக் கூலியாக வாங்கிய பெண்கள்

நம் சகோதரிகள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு சம்பவம் உண்டு. ஸ்கொட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து என்று தீவுக் கூட்டம் ஒன்று இருக்கிறது. அங்குள்ள பெண்கள் கம்பளி நூலில் மிக மெல்லிய சால்வைகள் பின்னுவதில் பேர்போனவர்கள். சால்வையைக் கடைக்காரரிடம் கொண்டுபோனால் அவர் காசு தருவதில்லை. துணி தருவார், தேயிலை தருவார். காசாகவே வேண்டும் என்று நின்றால் சால்வையின் விலையைக் குறைத்துவிடுவார்.

1872 இல் அரசாங்கம் இதை விசாரித்தது. பெண்கள் நேரில் வந்து சாட்சி சொன்னார்கள். வீட்டில் மாவில்லை, கிழங்கில்லை, ஆனால் கையில் தேயிலைப் பொட்டலம். அதை எடுத்துக்கொண்டு அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போய், மாவுக்கும் உருளைக்கிழங்குக்கும் மாற்றிக்கொண்டு வருவார்களாம். லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிடத் தொடங்கி அப்போது ஐந்து வருஷமே ஆகியிருந்தது. நமது மலைத் தேயிலை இன்னும் கப்பலேறவில்லை. ஆனாலும் பாருங்கள், தேயிலை என்ற பொருள் ஒரு மூலையில் பெண்ணின் உழைப்பை உறிஞ்சி உண்டாகிறது, இன்னொரு மூலையில் பெண்ணின் உழைப்புக்குக் கூலியென்று தலையில் கட்டப்படுகிறது.

சட்டம் வந்தது, போதவில்லை

1831 இல் பிரித்தானியப் பாராளுமன்றம் ட்ரக் சட்டம் என்ற பெயரிலேயே ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. கூலியை நாணயத்தில்தான் கொடுக்க வேண்டும். பொருளாகக் கொடுத்தால் அது கூலி கொடுத்ததாகவே ஆகாது. தொழிலாளி முழுக் கூலியையும் திரும்பக் காசாகக் கேட்டு வாங்கலாம். எங்கே செலவழிக்க வேண்டும் என்று முதலாளி நிபந்தனை போடவும் கூடாது. காகிதத்தில் பார்த்தால் பலமான சட்டம்.

நடந்தது என்ன? சம்பளக் காசை ஒரு ஜன்னலில் கொடுத்தார்கள். பக்கத்து வாசலில் கடை. காசை வாங்கிக்கொண்டு கடைக்குப் போகாமல் வீட்டுக்குப் போனவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் அவருக்கு வேலை இல்லை, அவ்வளவுதான். சில இடங்களில் கடையை முதலாளியின் சொந்தக்காரர் பெயருக்கு மாற்றினார்கள். வழக்குப் போட வேண்டியவர் தொழிலாளி. வழக்குப் போட்டவர் வேலையை இழந்தார். நாற்பது வருஷம் கழித்து 1871 இல் விசாரணைக் குழு அறிக்கை கொடுத்தபோதும் டொமி ஷொப் இருந்தது. தொழிற்சாலை, சுரங்கப் பரிசோதகர்களுக்கு அதிகாரம் கொடுத்து 1887 இல் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் பிடி இறுகியது. 1896 இல் வந்த இன்னொரு சட்டம், குற்றப்பணம் என்றும் வேலை பழுது என்றும் சொல்லிச் சம்பளத்தில் வெட்டுவதற்குக் கட்டுப்பாடு விதித்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. 1831 ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டு வேலைக்காரரையும் விவசாய வேலையாட்களையும் வெளியே விட்டுவிட்டது. மண்ணில் வேலை செய்பவனுக்கு அந்தப் பாதுகாப்பு தேவையில்லை என்று நினைத்தார்கள் போலும். நிலத்தில் உழைப்பவனைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்துவது அவர்கள் நாட்டிலேயே தொடங்கிவிட்டது.

மலைநாட்டில் அதற்கு இருந்த பெயர்கள்

அந்தச் சட்டம் பிரித்தானியாவோடு நின்றது. நமது முன்னோர் காப்பித் தோட்டங்களில் வேலை செய்த இலங்கைக்கு அது வரவில்லை. இங்கே வந்தது 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். சொல்லாமல் வேலையை விட்டுப் போன தொழிலாளியைச் சிறையில் போட வழி செய்த சட்டம் அது. அங்கே முதலாளியைக் கட்டுப்படுத்தச் சட்டம், இங்கே தொழிலாளியைக் கட்டிப்போடச் சட்டம். இரண்டுக்கும் பின்னால் இருந்தது ஒரே ஆட்சி.

ட்ரக் என்ற சொல் இங்கே வரவில்லை, அதன் உறுப்புகள் எல்லாம் வந்தன. "நீண்ட சம்பளம்" இங்கேயும் இருந்தது. காப்பிக் காலத்தில் சம்பளம் மாதக்கணக்கில் நிலுவையில் நின்றது. இடையில் தோட்டத்தில் அரிசி கொடுத்தார்கள். அரிசி விலை சம்பளத்தில் கழிந்தது. கரையிலிருந்து அழைத்து வந்த செலவு பெரிய கங்காணியின் ஏட்டில் கடனாக ஏறியது. சம்பளக் காசும் நேரே தொழிலாளி கைக்கு வராமல் கங்காணி கை வழியாக வந்த காலம் அது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் "துண்டு" வேண்டும். இந்தக் கூட்டத்தின் கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் விடுவேன் என்று எழுதிய சீட்டுத்தான் துண்டு. புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆட்களை எடுக்கும். கடன் தீரவில்லை, கடன்காரர் மட்டும் மாறினார். நமது தமிழ்ச் சொல்லான துண்டு இங்கிலீஷ் சட்டப் புத்தகத்தில் ஏறியது இப்படித்தான். 1921 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது.

1927 இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் வந்தபோதும் அரிசியை விட்டுச் சம்பளத்தைப் பேச முடியவில்லை. தோட்டத்தில் கொடுக்கும் அரிசியின் விலையையும் சேர்த்துத்தான் சம்பளத்தைக் கணக்குப் போட்டார்கள். காசு எவ்வளவு என்று மட்டும் பார்த்தால் போதாது, அந்தக் காசிலிருந்து என்ன கழிகிறது என்றும் பார்க்க வேண்டும் என்பதை அன்றே உணர்ந்திருந்தார்கள். 1941 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்க சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் இதை இன்னும் தெளிவாக்கியது: சம்பளம் செல்லுபடியாகும் நாணயத்தில், தொழிலாளியிடமே நேரடியாக, அனுமதிக்கப்பட்ட கழிவுகளைத் தவிர வேறு கழிவு இல்லாமல் கொடுபட வேண்டும். இந்த மூன்று வார்த்தைகளை ஒவ்வொரு லயத்திலும் எழுதி ஒட்டலாம். சம்பளப் பாதுகாப்புப் பற்றிய சர்வதேசத் தொழில் தாபனத்தின் 95 ஆம் இலக்கச் சமவாயத்தையும் 1983 இல் இலங்கை ஏற்றுக்கொண்டது. எஜமானின் கடையில்தான் வாங்க வேண்டும் என்று தொழிலாளியை வற்புறுத்தக் கூடாது என்பதும் அதில் உண்டு.

"நெல்லாகவும் கூலி வாங்கினோமே?"

பெரியவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். ஊரில் நம் பாட்டன் பூட்டன் காலத்தில் அறுவடைக் கூலியை நெல்லாகத்தானே வாங்கினார்கள்? அதுவும் ட்ரக்கா? காசை விட நெல் நம்பகமானது இல்லையா?

நியாயமான கேள்விதான். பொருளாக வாங்குவதே குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. விலைவாசி ஏறும் காலத்தில் குறைந்த விலைக்கு அரிசியும் மாவும் கிடைத்தால் அது உதவிதான். வேலை முடிந்து வாங்கிப் போகும் தேயிலைத் தூளும் அப்படித்தான். வித்தியாசம் மூன்று இடத்தில் இருக்கிறது. வேண்டாம் என்று சொல்ல முடிகிறதா? விலையை வைப்பது யார்? எடையைப் பார்ப்பது யார்? வேண்டாம் என்று சொல்ல முடியாமல், விலையும் எடையும் ஒரே கையில் இருந்தால், அரிசி கொடுத்தாலும் சரி, தங்கம் கொடுத்தாலும் சரி, அது ட்ரக்தான்.

இன்று எங்கே தேட வேண்டும்

முதலில் சம்பளத் துண்டைப் பாருங்கள். ஒரு காலத்தில் துண்டு நம்மைக் கட்டிய சீட்டு. இன்று அதே பெயரில் வரும் சீட்டு நமக்கு ஆதாரம். ஊழியர் சேமலாப நிதிக்கு நமது சம்பளத்தில் 8 வீதம் கழிய வேண்டும், நிர்வாகம் 12 வீதம் போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதமும் நிர்வாகத்தின் பொறுப்பு. அதை நமது சம்பளத்தில் வெட்டக் கூடாது. தீபாவளி முற்பணம் நாம் வாங்கியது. தவணை எத்தனை, எத்தனை கழிந்தது, எத்தனை மிச்சம் என்று தெரிய வேண்டும். மற்றக் கழிவுகள் ஒவ்வொன்றுக்கும் நாம் சம்மதம் கொடுத்தோமா? சங்கச் சந்தாவும் இதற்கு விலக்கல்ல. சந்தா நமது கையெழுத்தின் பேரில்தான் கழிய வேண்டும். எங்கள் சங்கத்தின் சந்தாவைப் பற்றியும் இதே கேள்வியைத் தைரியமாகக் கேளுங்கள். கேட்டால் கோபப்படும் தலைவர் தலைவரல்ல.

இரண்டாவது, தராசைப் பாருங்கள். சாக்குக்கு இத்தனை கிலோ, தண்ணீருக்கு இத்தனை கிலோ என்று கொழுந்தில் வெட்டுகிறார்கள். அந்தக் கிலோ சம்பளத் துண்டில் எழுதப்படுவதில்லை. அதனால் அது கழிவு என்றே தெரிவதில்லை. ஈரக் கொழுந்தில் தண்ணீர் இருக்கும் என்பது உண்மை. ஆனால் வெயில் காய்கிற நாளிலும் அதே கிலோ வெட்டப்பட்டால் அதற்கு என்ன பெயர்? இப்படி வெட்டிய இரண்டு கிலோவால் நிர்ணயித்த அளவு குறைந்து, முழுப்பேர் அரைப்பேராகப் போனால், அந்தச் சகோதரி இழந்தது இரண்டு கிலோவின் விலை அல்ல, அரை நாள் சம்பளம்.

மூன்றாவதுதான் வரப்போகும் காலத்துக்கு முக்கியம். நாட்சம்பளத்துக்குப் பதிலாகத் தேயிலைத் துண்டு நிலத்தைப் பிரித்துக் கொடுத்து, கொழுந்துக்கு விலை தரும் முறையைப் பற்றிக் கம்பனிகள் பேசி வருகின்றன. சில இடங்களில் தொடங்கியும் விட்டார்கள். அதிகமாக உழைத்தால் அதிகமாக வரும், நீங்களே உங்கள் எஜமான் என்கிறார்கள். நல்லபடியாக நடந்தால் சில குடும்பங்களுக்கு வருமானம் கூடலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உரத்தைத் தருவது யார்? மருந்தைத் தருவது யார்? அந்த விலையைக் கொழுந்து விலையில் கழிப்பது யார்? கொழுந்தை நிறுப்பதும், விலை வைப்பதும், வாங்குவதும் யார்? எல்லாவற்றுக்கும் விடை ஒரே பெயராக இருந்தால், அது அந்தப் பழைய கடைதான். முன்பு மாவு விற்ற கடை, இப்போது உரம் விற்கிறது. அதோடு, நாம் "தொழிலாளி" என்ற பெயரை இழந்து "உற்பத்தியாளர்" ஆகும்போது சேமலாப நிதி என்னவாகும், குறைந்தபட்சச் சம்பளம் என்னவாகும், பிரசவக் காலத்துச் சம்பளம் என்னவாகும் என்பதையும் எழுத்தில் கேட்க வேண்டும். 1831 இல் விவசாய வேலையாளைச் சட்டத்துக்கு வெளியே விட்ட கதை திரும்ப நடக்கக் கூடாது.

செய்ய வேண்டியது

இங்கிலாந்துக் கதை நமக்குச் சொல்வது ஒன்று. தனியொருவர் முறையிட வேண்டும் என்று சட்டம் எதிர்பார்த்த வரைக்கும் அந்தச் சட்டம் தூங்கியது. தனியாகப் போனவரின் வேலைதான் போனது. கூட்டாகக் கேட்டபோதும், பரிசோதிக்க ஆள் வந்தபோதும்தான் அது விழித்தது.

ஆகவே, சம்பளத் துண்டை வாங்கியதும் கசக்கி எறியாதீர்கள். ஒரு வருஷத்துத் துண்டுகளையாவது சேர்த்து வையுங்கள். வாசிக்கத் தெரிந்த பிள்ளைகளிடம் கொடுத்து ஒவ்வொரு வரியையும் வாசிக்கச் சொல்லுங்கள். படித்த பிள்ளை வீட்டுக்குச் செய்யும் முதல் உதவி அதுவாக இருக்கட்டும். தினமும் நிறுத்த கிலோவையும் வெட்டிய கிலோவையும் ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். புரியாத கழிவு இருந்தால் தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள். ஒருவருக்கு வெட்டியது பத்துப் பேருக்கும் வெட்டப்பட்டிருக்கும். பத்துத் துண்டுகளையும் சேர்த்து எடுத்துக்கொண்டு தொழில் திணைக்களத்துக்குப் போனால் பதில் சொல்லாமல் அனுப்ப முடியாது. நிலம் பிரித்துத் தரும் ஒப்பந்தம் எதுவானாலும், தமிழில் எழுதித் தரும்படி கேளுங்கள். சங்கத்துக்குக் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அடுத்த தடவை சம்பளத்தில் ஏதோ குறைகிறது, ஆனால் என்னவென்று சொல்லத் தெரியவில்லை என்று தோன்றினால், இந்தப் பழைய சொல்லை நினைத்துக்கொள்ளுங்கள். ஷெட்லாந்துப் பெண்கள் விசாரணைக்கு முன்னால் நின்று பயப்படாமல் சொன்னார்கள். நாமும் நமது கணக்கை நமது வாயாலேயே கேட்போம்.